மேசை ஆடக்கூடாது: எல்லையோர ஊர்களில் ரேடியோ செட்டுக்காரர்களின் நிபந்தனைகள்

இது சற்று நீண்ட பதிவு. நேரமுள்ளோர் வாசிக்கலாம்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் இரண்டு பக்கத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மூணாற்றை அடுத்த ஒரு விடுதியில் நிகழவிருந்த இசை இரவுக்கு, வினைல் இசைத்தட்டுகளை மட்டுமே பயன்படுத்தும் டிஜே ஒருவரை அழைத்திருந்தார்கள். அழைப்பை ஏற்ற அவர், தமக்கு வேண்டியவற்றை வரிசையிட்டு எழுதி அனுப்பிய தாள் அது. விடுதிக்கு வரும் மின்பணியாளரும் பந்தல்காரரும் போடிநாயக்கனூர்க்காரர்கள். அவர்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுதித் தர இயலுமா என்று நண்பர் கேட்டார். மொழியியல் படித்தவர்களிடம் உலகம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

தாளில் இருந்தவை இவை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு டர்ன்டேபிள்கள். கனமான, அசையாத மேசை. ஆடுவோர் மிதிக்கும் பலகைத் தளத்தின் மேல் அது நிற்கலாகாது. பாஸ் ஒலிபெருக்கிகளை மேசைக்கு அருகில் வைத்தல் கூடாது. எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும்; இல்லையேல் பாட்டுக்கு அடியில் உம்மென்ற இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றும் சாரலும் படாத இடம். விருந்தினர் வருமுன் ஒலிச் சோதனைக்கு நேரம். மேசை மேல் எவரும் கோப்பை வைக்கலாகாது. தட்டுப் பெட்டிகளைச் சுமக்க ஓர் ஆள். உணவு. பாதிப் பணம் முன்னதாக.

மூன்றாவது வரியை எழுதும்போதே எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. இவற்றை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அன்று, கொங்குத் தமிழில்.

கேட்ட இடம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை என்று நீளும் ஊராட்சிகள். ஆய்வேட்டுக்காக இப்பகுதியின் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்துவந்த நாள்களில், எழுபதைக் கடந்த ஒருவரைச் சந்தித்தேன். நாற்பது ஆண்டுகள் ரேடியோ செட் வைத்துப் பிழைத்தவர். பெயர் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. உறவுமுறைச் சொற்களைத் திரட்டச் சென்ற நான், மூன்று மாலைப் பொழுதுகள் அவரிடம் இசைத்தட்டுகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டார் உங்களை அழைத்தால் அவர்களிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்றதற்கு, அவர் யோசிக்கவே இல்லை. “மேசை ஆடக்கூடாது கண்ணு. சோறு எந்நேரம் போட்டாலும் சரி, மேசை மட்டும் ஆடப்படாது.”

இன்று ‘வினைல் டிஜே’ என்று வழங்கும் தொழிலுக்கு நம் ஊர்களில் ஒரு முன்னோடித் தொழில் இருந்தது என்பதைப் பலரும் நினைவேக்கமாகவே எழுதுகிறார்கள். தென்னை மரத்தில் கட்டிய குழாய், அதிகாலைப் பக்திப்பாட்டு, இத்யாதி. அந்த நினைவுகளில் குழாய் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. தட்டைச் சுழல விட்ட ஆள் இல்லை. அவர் எந்த உடன்பாட்டின் பேரில் வந்தார், எங்கே அமர்ந்தார், எப்போது உண்டார், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பேற்றார் என்ற கேள்விகளை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் எழுத விரும்புவது அதைப் பற்றி.

கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கெளஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிவு செய்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் கிராமபோன் தென்னிந்தியாவின் வசதியுள்ள வீடுகளுக்குள் நுழைந்தது. கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா போன்ற நாடகக் கலைஞர்களின் தட்டுகளே தமிழில் பெருவணிகத்தைத் தொடங்கிவைத்தன. பின்னாளில் ஏவிஎம் நிறுவனத்தை உருவாக்கிய மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகவே திரைத்துறைக்கு வந்தார். அக்காலத் தட்டு நம் நாட்டு அரக்கிலிருந்து செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். கீழே விழுந்தால் ஓடு போல உடையும். எஃகு முள்ளைப் பக்கத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். சாவி கொடுத்து இயக்கும் அந்தப் பெட்டியின் ஒலி ஒரு கூடத்தை நிரப்பும், ஊரை நிரப்பாது.

ஊரை நிரப்பியது ஒலிபெருக்கி. 1930களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு மோத்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கிகளை வழங்கத் தொடங்கியது. அரசியல் மேடைக்கு வந்த அந்தக் கருவி சிறு நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் நிலையை அடைந்தபோது, தட்டும் குழாயும் ஒன்று சேர்ந்தன. நம் ரேடியோ செட் பிறந்த கதை இது.

பெயரைக் கவனியுங்கள். அதில் ரேடியோ இல்லை. எந்த நிலையத்தின் அலையையும் அது வாங்குவதில்லை. ஆயினும் ஊரார் ‘ரேடியோ செட்’ என்றார்கள், ‘ரேடியோ கட்டியிருக்கிறார்கள்’ என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பாட்டு வந்தால் அது ரேடியோ. பொருள் மறைந்தபின்னும் சொல் நிற்பதற்கு இதே துறையில் இன்னும் சான்றுகள் உண்டு. தட்டே இல்லாத இக்காலத்திலும் ‘ரிக்கார்டு டான்ஸ்’ நடக்கிறது. பேச்சை மாற்றுகிறவன் இன்றும் ‘பிளேட்டை மாற்றிப் போடுகிறான்’. சொன்னதையே சொல்பவர் ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’. மலையாளத்தில் குழாய் ஒலிபெருக்கிக்குப் பெயர் ‘கோளாம்பி’. எச்சில் படிக்கத்துக்கு வழங்கும் சொல்லையே வாயகன்ற வடிவத்தை நோக்கி ஒலிபெருக்கிக்கும் ஆக்கிக்கொண்டார்கள். அதே வடிவம் கொண்ட மஞ்சள் பூவுக்கும் அதே பெயர். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ‘குழாய்’ என்றாலும் ‘கோளாம்பி’ என்றாலும் விளங்கும். ஆனால் இரு மொழியாரும் மாற்றமின்றிச் சொல்லும் சொல் ஒன்று உண்டு: அச்சாரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மேசைக்கு மீள்வோம்.

தட்டில் உள்ள பள்ளத்தின் நெளிவை முள் அதிர்வாக உணர்கிறது. அந்த அதிர்வே மின்னோட்டமாகிப் பெருக்கப்படுகிறது. முள்ளுக்குப் பாட்டின் அதிர்வுக்கும் மேசையின் அதிர்வுக்கும் வேறுபாடு தெரியாது. பக்கத்தில் ஒருவர் குதித்தால் அதுவும் பாட்டாகும். சற்று வலுவாகக் குதித்தால் முள் பள்ளம் தாண்டும், பாட்டு தாவும், மணவறை திரும்பிப் பார்க்கும். இன்றைய டிஜே அஞ்சுவது பாஸ் ஒலியை: தாழ்ந்த சுருதி மேசையை உலுக்க, முள் அதையும் வாங்கி மறுபடி ஒலிபெருக்கிக்கே அனுப்ப, அது சுழன்று சுழன்று உறுமலாகிவிடும். பழைய குழாய்க்கு அந்தச் சிக்கல் குறைவு. குழாயில் பாஸ் என்பது பெயரளவுக்குத்தான். அது கூவும், உறுமாது. செட்டுக்காரரின் பகை பிள்ளைகளின் கால்கள்.

ஆகவே அவருடைய முதல் நிபந்தனை மேசை, இரண்டாவது அதைப் பிள்ளைகளிடமிருந்து காக்க வீட்டார் ஒருவர். மேசை இல்லாத வீடுகளும் உண்டல்லவா? நெல் மூட்டை ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் பலகையிட்டு, பலகைமேல் பிளேயரை வைத்தாராம். நெல் அதிர்வை விழுங்கிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிஜேக்கள் இதே நோக்கத்துக்காக டர்ன்டேபிளின் அடியில் கனத்த சிமென்டுப் பலகையை வைப்பதுண்டு. இவரிடம் அதைச் சொன்னேன். “சிமெண்டு சில்லுனு இருக்கும், நெல்லு மாதிரி வருமா?” என்றார். இருவரில் யார் சரி என்று தீர்ப்பளிக்கும் இயற்பியல் அறிவு எனக்கில்லை.

இரண்டாவது தேவை மின்சாரம். இங்கே இடுக்கியின் வரலாறு குறுக்கிடுகிறது. கேரளத்தின் முதல் பொது நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல் மூணாற்றின் அருகில் இயங்கத் தொடங்கியது. மலையில் பிறந்த மின்சாரம் சமவெளி நகரங்களுக்கு இறங்கிச் சென்றது. தேயிலைத் தொழிற்சாலைகளிலும் துரைமார் பங்களாக்களிலும் விளக்கெரிந்தது. கொழுந்து பறித்த தமிழர் வாழ்ந்த லயங்கள் பலவற்றுக்கு அது பிந்தியே வந்தது. ஆகவே தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் செட்டுக் கட்டப் போனவர் கார் பேட்டரிகளையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. அல்லது பெட்ரோல் ஜெனரேட்டரை. ஜெனரேட்டரின் வேகம் தளர்ந்தால் தட்டின் வேகமும் தளரும், சுதி இறங்கும். நன்கு அறிமுகமான குரல் பாட்டின் நடுவே சோம்பி இழுக்கத் தொடங்கும். சிரிப்பார்கள், பிறகு செட்டுக்காரரைத் திட்டுவார்கள். 1972இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, மோட்டாரையே தட்டின் அச்சாக்கி இந்தச் சுதித் தளர்ச்சியைப் பெரிதும் போக்கியது. உலகெங்கும் டிஜேக்கள் இன்றுவரை அந்தக் குடும்பத்துக் கருவியையே கேட்பதற்கு அது முதற்காரணம். நம்மவர்களுக்கு அது எட்டவில்லை.

சித்தூர்ப் பக்கத்துக்குப் பொள்ளாச்சியும், மறையூருக்கு உடுமலையும், பூப்பாறைக்குப் போடியும், குமுளி வண்டிப்பெரியாறுக்குக் கம்பமும் அண்டை நகரங்கள். தட்டும் முள்ளும் பழுதுபார்ப்பும் அங்கிருந்துதான். மலை ஏறும் செட்டுக்காரருக்கு விழா நடத்துவோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மூடுபனி இறங்காத கூரை. ஈரம் படிந்த தட்டில் தூசி சேறாகி முள்ளை அடைத்துவிடும். அதோடு தோட்டத்தில் ‘விழா நடத்துவோர்’ என்பவர் ஒருவரல்லர். கோயில் கமிட்டி அழைக்கும்; தொழிற்சங்கங்கள் ஆளுக்கொரு பாட்டைக் கேட்கும்; மின்சாரமும் இடமும் நிர்வாகத்தின் கையில். மூவரிடமும் தனித்தனியே சொல்லி வைக்காவிட்டால் நள்ளிரவில் மூவரும் இவரையே கேட்பார்கள்.

உணவைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதியது. 78 சுற்றுத் தட்டின் காலத்தில் அவர் சிறுவன், மாமனுக்கு எடுபிடி. மூன்று நிமிடத்துக்கொரு முறை தட்டைப் புரட்டி முள்ளை மாற்ற வேண்டும் என்பதால் ஒரே ஆளாக வந்தவர் பந்தியில் அமரவே முடியாது. இலையை அவரிடம் கொண்டுவந்து போட வேண்டும். அதுவும் ஒரு கையால் உண்ணத் தக்கதாக. பின்னர் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டு வந்தது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அதன்பின் 33⅓ சுற்று நெடுந்தட்டு; பக்கத்துக்கு இருபது நிமிடம். வினைல் என்னும் பொருளால் ஆன இவ்விரு வகையும் அமெரிக்காவில் 1948, 1949 ஆண்டுகளில் வெளிவந்தவை. இங்கே பரவப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதைவசனம் ஊர்த் திருவிழாக்களில் அத்தனை விருப்பத்தோடு ஒலித்ததற்குச் சிவாஜியும் நாகேஷும் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். செட்டுக்காரர் உணவருந்தும் நேரமும் ஒரு காரணம். “வசனத்தைப் போட்டுட்டா கை கழுவிட்டு வர்ற வரைக்கும் கவலையில்லை.”

இனி அச்சாரம்.

கோயில் திருவிழாவுக்குள் வந்த பழைய கலைஞர்கள் பலர் ஏதோ ஓர் உரிமையின் பேரில் வந்தார்கள். பறையடிப்போர், மேளக்காரர், பூக்கட்டுவோர், விளக்கெடுப்போர் எனச் சாதியும் ஊழியமும் கட்டுண்ட ஏற்பாடு அது. உரிமை என்று சொன்னாலும் அதில் மறுக்கும் உரிமை கிடையாது. எத்தனையோ ஊர்களில் அது கட்டாயமே. செட்டுக்காரர் இந்த வரிசையில் இல்லை. வெற்றிலையில் வைத்த ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நாள் குறித்தார்; வாங்காவிட்டால் வரமாட்டார். நாடகக் குழுக்களும் பெயர்பெற்ற நாகசுர வித்துவான்களும் ஏற்கெனவே இப்படித்தான் வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் ஒவ்வொரு சிற்றூருக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும், பூப்பு நன்னீராட்டுக்கும் அச்சாரத்தின் பேரில் வந்த முதல் இசைத் தொழிலாளி ரேடியோ செட்டுக்காரராகத்தான் இருந்திருப்பார் என்று கருதுகிறேன். அவர் வந்த பிறகு பறைக்கு அழைப்புக் குறைந்த ஊர்களும் உண்டு. சிலருக்கு அது பிழைப்பின் இழப்பு. சிலருக்கு, இழிவெனச் சுமத்தப்பட்ட வேலையிலிருந்து விடுதலை. இரண்டும் ஒரே வீட்டிலும் நிகழ்ந்திருக்கலாம்.

இங்கேதான் மேசை வேறொரு பொருளைப் பெறுகிறது. பறையடித்தவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்த முடிந்தது. பிளேயரை அவ்வாறு வெளியே நிறுத்த முடியாது. அதற்குக் கூரை வேண்டும், மேசை வேண்டும், மின்சாரப் பலகைக்கு அருகில் இடம் வேண்டும். ஆபரேட்டருக்கு அமர ஏதேனும் வேண்டும். மின்சாரமோ பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில், அல்லது உள்ளே. எனவே ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் இத்தொழிலுக்கு வந்தபோது, கருவிக்கு வேண்டிய இடத்தை மறுக்காமல் ஆளுக்கு வேண்டிய இடத்தை மறுக்க முடியாத சிக்கல் அழைத்தவர்களுக்கு உண்டாயிற்று. நம் முதியவர் அந்தச் சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரு தோட்டத்து வீட்டில் பிளேயரைத் திண்ணையில் வைத்துவிட்டு, இவரை முற்றத்தில் நின்றபடியே தட்டை மாற்றச் சொன்னார்களாம். இவர் மறுக்கவில்லை, வாதாடவும் இல்லை. நின்றுகொண்டு மாற்றினால் கை நடுங்கும், முள் கீறும், தட்டின் விலை இத்தனை என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரத்தில் முக்காலி வந்தது. அதன் பிறகு எங்கே போனாலும், அச்சாரம் வாங்கும்போதே மேசையோடு முக்காலியையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்.

அவர் அதைச் சமத்துவப் போராட்டமாக விவரிக்கவில்லை. நானும் அவர் வாயில் அதைத் திணிக்க மாட்டேன். 2017இல் முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரத்தில் பட்டியல் சமூகத்தவர்மீது தீண்டாமை நிலவுவதாகச் செய்தித்தாள்கள் எழுதியபோது பலர் வியந்தார்கள். அவர் வியந்திருக்க மாட்டார் என்று மட்டும் சொல்வேன்.

எந்தத் தட்டை ஒலிக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டிய நிபந்தனையாக இருந்தது. அவருடைய பெட்டியில் மூன்று சமயங்களும் அடுத்தடுத்து இருந்தன. கோயில் என்றால் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டில் தொடக்கம். பள்ளிவாசல் விழாவுக்கும் முஸ்லிம் இல்லத் திருமணத்துக்கும் நாகூர் ஹனிபா. தேவாலயத் திருநாளுக்குத் தனிக் கட்டு. ஹனிபாவின் தட்டில் திமுக பாட்டும் உண்டு என்பதால் அட்டையைப் படிக்காமல் கை வைக்கலாகாது. இந்துத் திருமணம் என்றால் ‘சாரதா’ (1962) படத்தின் மணப்பெண் பாட்டு இல்லாமல் தாலி ஏறாது. சோகப்பாட்டு தவறி விழுந்தால் சம்பந்திகள் சண்டை. எம்ஜிஆர், சிவாஜி எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் இளைஞர்கள் சண்டை.

எல்லையோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: மொழி. சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரளமாயின. தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் அவை கிடைக்கவில்லை. அதன்பின் அலுவலகத்திலும் பேருந்துப் பலகையிலும் தமிழ் சுருங்கிய இடங்களில், ஊர் முழுவதும் கேட்கும் தமிழாக எஞ்சியது பெரும்பாலும் குழாயிலிருந்து வந்ததே. அதே சமயம் பக்கத்து வீட்டார் மலையாளிகள். ‘செம்மீன்’ (1965) தட்டும் பெட்டியில் இருந்தாக வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்று அழைப்பவர்தாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு குறை சொல்பவர்களே அதிகம் என்றார் முதியவர். இன்றைய டிஜேக்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

குழாய் வழியே தமிழ் கேட்டதன் வலிமைக்குத் தட்டுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் தம் குழுவோடு தோட்டம் தோட்டமாகப் பாடினார். மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து வந்த அந்தக் குழுவில் அவருடைய தம்பியும் இருந்தார். பின்னாளில் இளையராஜா என்று அறியப்பட்டவர். ‘அன்னக்கிளி’ (1976) இசைத்தட்டைச் சுமந்துகொண்டு அதே மலைப்பாதையில் செட்டுக்காரர்கள் ஏறியது பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

உலகில் இத்தொழிலுக்கு மிக நெருங்கிய உறவு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இருக்கிறது. 1950களில் அங்கே தெருவில் ஒலிபெருக்கிகளை அடுக்கித் தட்டுகளை ஒலிக்கச் செய்த ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்கள், போட்டியாளர் கண்டுபிடிக்காதிருக்கத் தட்டின் நடுவிலுள்ள பெயர்ச் சீட்டையே சுரண்டிவிடுவார்களாம். அங்கே தட்டைத் தேர்பவர் ஒருவர், மைக்கில் பேசுபவர் மற்றொருவர். நம் ஆபரேட்டர் இரண்டையும் செய்தார். மொய் எழுதியவர்களின் பெயரைப் பாட்டின் நடுவே அறிவிப்பதும் அவரே. கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இரண்டு டர்ன்டேபிள்களைக் கொண்டு நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அந்த மரபுக்கு நூல்களும் அருங்காட்சியகங்களும் உண்டு. அதன் தொழில் நிபந்தனைகள் தாளேறி, இப்போது மூணாறு விடுதி வரை வந்துவிட்டன. நம் மரபின் நிபந்தனைகள் வாய்மொழியாகவே நின்றுவிட்டன. எழுதப்படாத நிபந்தனையை மீறினால் கேட்பார் இல்லை.

இதன் விலை பொறுப்பு விஷயத்தில் தெரிகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. எழுத்து மூலமான அனுமதியைக் கட்டாயமாக்கின. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் இதை மேலும் உறுதிப்படுத்தியது. விதி தேவையானதே, தேர்வு நாள்களில் குழாயின் கீழ் வாழ்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் பத்து மணிக்குமேல் ‘இன்னும் ஒரே பாட்டு’ என்று கேட்பவர் விழாக்காரர். போலீஸ் வந்தால் எடுத்துச் செல்வது ஆம்ப்ளிபயரை. செட்டு போனால் விழாக்காரருக்கு ஓர் இரவு போகும். இவருக்குத் தொழில் போகும். முதியவர் இருமுறை தம் ஆம்ப்ளிபயரைத் திரும்பப் பெற நிலையத்துக்கு நடந்திருக்கிறார். அழைத்தவர் ஒருமுறையும் உடன்வரவில்லை. ‘கோளாம்பி’ தடையால் தொழிலிழந்த முதிய தம்பதியரைப் பற்றி டி. கே. ராஜீவ்குமார் 2019இல் அதே பெயரில் மலையாளப் படம் எடுத்தார். அதற்கு இணையான தமிழ்ப் படம் என் கண்ணில் படவில்லை.

தடைக்கு முன்பே கேசட் வந்து தட்டை ஓய்த்துவிட்டிருந்தது. கேசட் ஆடும் மேசையிலும் பாடும்; முள் கிடையாது; பயின்ற கையும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு டேப்ரெக்கார்டர் வந்தபோது அச்சாரம் சிறுத்தது. அவர் தம் தட்டுகளை எடைக்குப் போட்டார். இன்று அத்தகைய தட்டுகளுக்குச் சென்னையிலும் கொச்சியிலும் சேகரிப்பாளர்கள் என்ன விலை தருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

அவரிடம் எஞ்சியது ஒரு நோட்டுப்புத்தகம். நீள வாட்டத்துக் கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. தேதி, ஊர், விசேஷம், அச்சாரம், பாக்கி என்று ஐந்து கோடு. ஊர்ப் பெயர்கள் தமிழிலும் சில இடங்களில் மலையாள எழுத்திலும். ஓரத்தில் சிறு குறிப்புகள்: ‘மேசை இல்லை’, ‘கரண்டு குறைவு’, ‘பையன்கள் தொல்லை’, ‘முக்காலி கொடுத்தார்கள்’. பாக்கிக் கோட்டில் அடிக்கப்படாத தொகைகளை எண்ணத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன், ஏனெனில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பருக்கு மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டேன். ‘பாதிப் பணம் முன்னதாக’ என்பதை ‘அச்சாரம் பாதி’ என்று எழுதியிருந்தேன். மேசைக்குக் கீழே, தாளில் இல்லாத ‘முக்காலி’யையும் சேர்த்திருந்தேன், டிஜே நின்றுகொண்டே வாசிப்பவர், அது வேண்டாம் என்று நண்பர் அடித்துவிட்டார்.

பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம், சித்தூர், மூணாறு, பீர்மேடு பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய ரேடியோ செட்டுக் கடைகளின் கணக்கு நோட்டுகள், ரசீதுப் புத்தகங்கள், போலீஸ் அனுமதிச் சீட்டுகள் எவரிடமேனும் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிவியுங்கள், நானே வந்து, அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.